டீசல் எஞ்சின் வேகம் பெற்ற வரலாறு

உயிர்களிடத்தில் உயர்வு தாழ்வு கற்பித்துப் பழகிய மனிதன், தான் படைத்த இயந்திரங்களிடத்தும் அவ்வழக்கத்தைக் கைவிட்டானல்லன். பெற்றோல் எஞ்சினைக் குதிரையென்றும் டீசல் எஞ்சினை எருதென்றும் கருதும் மனப்பாங்கு நெடுங்காலம் உலகெங்கும் நிலவியது. முன்னது ஓடப் பிறந்தது. பின்னது சுமக்கப் பிறந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கருத்து வேரூன்றியமைக்குக் கண்கூடான காரணங்கள் உண்டு. டீசல் என்றதும் இங்குள்ளார் நினைவுக்கு வருவன புகையிலையும் வெங்காயமும் ஏற்றிக் கண்டி வீதிவழியே தெற்கு நோக்கிச் செல்லும் லொறியும், பஸ்ஸும், உழவு இயந்திரமுமே. அவற்றினும் பெரியது யாழ்தேவி. 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆந் திகதி ஓடத் தொடங்கிய அப்புகைவண்டியை, கனடாவிலே செய்யப்பெற்று உதவியாக இலங்கைக்கு வந்த எம்2 வகை டீசல் எஞ்சின்கள் இழுத்தன. அவற்றின் வலிமை 1,425 குதிரைவலு. அவ்வலிமையைத் தந்தவை பன்னிரண்டு உருளைகள். ஒவ்வொன்றும் 9 லீற்றருக்கு மேற்பட்ட கொள்ளளவுடையது. அவற்றின் சுழலச்சோ நிமிடத்துக்கு 800 சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழல்வதோடு நின்றுவிடும். வலிமை உண்டு, துள்ளல் இல்லை.

ஆயினும் வேகமின்மை டீசல் எஞ்சினின் பிறவிக்குணமன்று. எரிபொருளையும் காற்றையும் கலப்பதற்குக் கிடைக்கும் பொழுது போதாமையே அதன் தளர்நடைக்கு முதற்காரணம். அதனையும் அதனோடு ஒட்டிய பிற காரணங்களையும் ஒவ்வொன்றாகக் களைந்து, இரு கதவும் தாழ்ந்த கூரையும் உடைய ‘கூபே’ என்னும் விரைவு வண்டியிலே பெருமையோடு பூட்டுமளவுக்கு அவ்வெஞ்சினைக் கொண்டுவரப் பொறியியலாருக்கு 110 ஆண்டுகள் சென்றன. அந்நெடிய முயற்சியில் வியக்கத்தக்க வெற்றிகள் உண்டு. மறைத்துவைக்கப்பட்ட ஒரு கணக்கும் உண்டு.

குடாநாட்டு வீதிகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் வண்டிகளை அறியாதார் இலர். கலியாண வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் ஒருங்கே உதவிய வாடகைக் கார்கள் அவை. 1950களின் நடுப்பகுதியில் வந்த அவ்வண்டிகளின் எஞ்சின், பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. நான்கு உருளைகளும் 1,489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடையது. அதே எஞ்சினுக்கு இரண்டு காபரேற்றர்களைப் பொருத்தி, 1955 இல் எம்.ஜி.ஏ. என்ற விரைவு வண்டியை அந்நிறுவனம் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அதன் கூபே வடிவமும் வந்தது. ஏறத்தாழ 70 குதிரைவலு. மணிக்கு 95 மைலுக்கு மேற்பட்ட ஓட்டம். பின்னர், 1961 இல் வெளிவந்த ஏ60 கேம்பிரிட்ஜ் வண்டிக்கென அதே ‘பி’ வரிசையிலிருந்து ஒரு டீசல் எஞ்சினும் ஆக்கப்பட்டது. உருளையின் விட்டம் முன்போலவே 73 மில்லிமீற்றர். முசலம் ஏறி இறங்கும் தூரமும் முன்போலவே 89 மில்லிமீற்றர். வலிமை மட்டும் 40 குதிரைவலு. அவ்வண்டி மணிக்கு 70 மைலை எட்டியதில்லை.

தாய் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. ஒன்று குதிரையாயிற்று, மற்றையது எருதாயிற்று. மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வழிவந்த இந்திய அம்பாசிடர் வண்டியில் 1980 ஐ ஒட்டிப் பொருத்தப்பட்டதும் இந்த 1,489 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சினே. சென்னையில் வாடகைக் காரில் ஏறியிறங்கிய யாழ்ப்பாணத்தார் அதன் கடகட ஓசையையும், பாலத்தில் ஏறும்போது அது படும் பாட்டையும் எளிதில் மறந்திரார். ஒரே அளவான உருளையிலிருந்து பெறப்பட்ட வலிமை இவ்வாறு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது எதனால் என்பதே வினா. அதற்கு விடை காண எஞ்சினின் பிறப்புக்குச் செல்லல் வேண்டும்.

ருடோல்ப் டீசல் 1858 இல் பாரிஸ் நகரில் ஜேர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மியூனிக்கில் லிண்டே என்னும் பேராசிரியரிடம் வெப்பவியல் கற்றவர். நீராவி எஞ்சின், தான் உண்ணும் நிலக்கரியின் வெப்பத்தில் மிகச் சிறு பகுதியையே வேலையாக மாற்றுகின்றது என்ற உண்மை மாணவப் பருவத்திலேயே அவர் உள்ளத்தை உறுத்தியது. காற்றை மட்டும் உருளையினுள் இழுத்து, அது தீயெனச் சூடேறும்வரை நெருக்கி, அச்சூட்டிலே எரிபொருளைச் செலுத்தினால் பொறி தட்டாமலே அது பற்றிக்கொள்ளும் என்பது அவர் கண்ட நெறி. 1892 இல் காப்புரிமை வேண்டினார். ஒக்ஸ்பேர்க் நகர இயந்திரசாலையிற் பல ஆண்டுகள் முயன்று, 1897 பெப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோற்றர் முன்னிலையில் தம் எஞ்சினைச் சோதனைக்கு உட்படுத்தினார். எரிபொருளின் வெப்பத்தில் 26 வீதம் வேலையாயிற்று. அக்காலத்தில் வேறெந்த எஞ்சினும் காட்டாத சிக்கனம் அது.

ஆனால் அச்சோதனை எஞ்சினின் உருளை 250 மில்லிமீற்றர் விட்டமுடையது. முசலம் 400 மில்லிமீற்றர் தூரம் ஓடுவது. கணக்கிட்டால் ஏறத்தாழ 19.6 லீற்றர் வரும். கிடைத்த வலிமையோ 20 குதிரைவலுவுக்குச் சற்றுக் குறைவு. அஃதாவது, ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு ஒரு குதிரைவலுத்தானும் முழுமையாகக் கிடைக்கவில்லை. இந்த எண்ணை மனத்திலிருத்துதல் நன்று. ஏனெனில் டீசல் எஞ்சினின் வேக வரலாறு முழுவதையும் ‘லீற்றருக்கு எத்தனை குதிரைவலு’ என்னும் ஒரே அளவுகோலால் அளந்துவிடலாம். ஏ60 கேம்பிரிட்ஜின் டீசல் எஞ்சினில் அது 27, எம்.ஜி.ஏ. வண்டியின் பெற்றோல் எஞ்சினில் 47.

தடை எங்கேயிருந்தது? பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் உருளைக்குள் நுழையுமுன்னரே கலந்துவிடுகின்றன. டீசல் எஞ்சினிலோ முசலம் தன் ஏற்றத்தின் உச்சியை அண்மும்போதுதான் எரிபொருள் உள்ளே வருகின்றது. சுழலச்சு நிமிடத்துக்கு 4,000 முறை சுழல்வதாகக் கொள்வோமாயின், ஒரு சுற்றுக்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் 15 பங்கே ஆகும். எரிபொருள் நுழைவதற்குரிய வேளை அச்சுற்றில் 30 பாகை எனினும், கிடைப்பது ஆயிரத்தில் ஒன்றேகாற் பங்கு. அதற்குள் எண்ணெய் துளியாகி, துளி ஆவியாகி, ஆவி காற்றைத் தேடிச் சேர்ந்து எரிதல் வேண்டும். சேராத எண்ணெய் கரும்புகையாய் வெளியேறும். ஆதலால் உருளையிலுள்ள காற்று முழுவதுக்கும் ஏற்ற எண்ணெயை ஊட்ட எவரும் துணியார். புகைக்கு அஞ்சிக் குறைவாகவே ஊட்டுவர். அன்றியும், காற்றை 20 மடங்குக்கு மேல் நெருக்குவதால் எழும் அமுக்கத்தைத் தாங்க உறுப்புகள் யாவும் தடித்தனவாய்ச் செய்யப்பட்டன. தடித்த உறுப்பு விரைந்து அசையாது. மெதுவாகச் சுழலுதல், அரைவயிறு உண்ணுதல், உடற்பாரம் ஆகிய இம்மூன்றுமே டீசலை எருதாக்கின.

டீசல் காலத்திலே எண்ணெயை உட்செலுத்துவதற்கு நெருக்கிய காற்றே பயன்பட்டது. அக்காற்றை ஆக்கும் கருவி எஞ்சினின் பக்கத்தில் இன்னோர் இயந்திரமாய் நிற்கும். தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் அது பொருந்தும், வீதிக்குப் பொருந்தாது. 1913 செப்டெம்பரில், இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து டீசல் மறைந்து கடலில் மாண்டபோது, தம் எஞ்சின் ஒரு காரில் ஓடியதை அவர் கண்டாரில்லை. அவருக்குப் பின் வந்தோரில் இருவர் பணி போற்றத்தக்கது. பென்ஸ் நிறுவனத்தில் புரொஸ்பர் லொராஞ்ச் என்பார் 1909 இல், உருளைக்கு மேலே சிற்றறை ஒன்றை அமைத்து எரிதலை அதனுள்ளே தொடக்கிவைக்கும் முறையைக் கண்டார். றொபேட் பொஷ் நிறுவனம் 1927 முதல், துல்லியமாய் அளந்து எண்ணெயைச் செலுத்தும் பம்பைத் தொகையாகச் செய்து விற்றது. காற்றியந்திரம் ஒழிந்தது, எஞ்சின் சுருங்கிற்று. 1936 இல் மேர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் கார் பேர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதன் 2,545 கன சென்ரிமீற்றர் எஞ்சின் தந்தது 45 குதிரைவலு, லீற்றருக்கு 18. வாடகைக் கார்க்காரர் அதனை விரும்பி வாங்கினர். விரைவை விரும்பியோர் திரும்பியும் பார்த்தாரல்லர்.

அவர்கள் திரும்பிப் பார்க்கவேண்டுமெனப் பிடிவாதங் கொண்டவர் அமெரிக்கரான கிளெசி கமின்ஸ். 1931 இல் இந்தியனாபொலிஸ் 500 மைல் ஓட்டப்போட்டியில் அவர் நிறுவனத்தின் டீசல் வண்டி கலந்துகொண்டது. டேவ் எவன்ஸ் என்பார் அதனைச் செலுத்தி, 500 மைலையும் ஒருமுறையேனும் நிற்காது ஓடி 13 ஆம் இடத்தை அடைந்தார். ஏனையோர் எண்ணெய்க்கும் சில்லுக்கும் நின்று நின்று சென்ற இடத்தில் இது நில்லாமற் சென்றமையே அதன் வெற்றி. ஆமை முயற் கதையை நினைவூட்டும் வெற்றியென்றே கூறலாம். 1952 இல் அதே களத்தில் நிகழ்ந்ததோ வேறு வகையானது. கமின்ஸ் நிறுவனம் தன் 6.6 லீற்றர் லொறி எஞ்சினைப் பக்கவாட்டிற் சரித்துப் படுக்கவைத்து, அதற்கு டேர்போ என்னும் சுழலியையும் பொருத்தி வந்தது. பிரெட் அகபாஷியன் செலுத்திய அவ்வண்டி தகுதிச் சுற்றில் மணிக்கு 138 மைல் ஓடி எல்லோர்க்கும் முன்னாக முதலிடத்திலிருந்து புறப்படும் உரிமையைப் பெற்றது. போட்டியின் 71 ஆவது சுற்றிலே அது ஓய்ந்தது. காற்றை உள்ளிழுக்கும் வாயில் தாழ்வாக இருந்தமையால் களத்திற் சிதறிய சில்லுத் துகள்கள் புகுந்து சுழலியை அடைத்துவிட்டன. தோற்றது வாயிலின் இடமேயன்றி எஞ்சினன்று.

டேர்போ பற்றி இங்கே சிறிது விரித்துரைத்தல் பொருந்தும். எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகையின் விசை வீணே போகின்றது. அவ்விசையால் ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள விசிறியாற் காற்றை உருளைக்குள் திணித்தல் அதன் வேலை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பியூக்கி 1905 இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பெற்றோல் எஞ்சினில் காற்றை மிகுதியாகத் திணித்தால், கலவை வேளைக்கு முந்தித் தானே வெடித்து முசலத்தைச் சம்மட்டிபோல் அடிக்கும். டீசல் எஞ்சின் நெருக்குவது வெறுங்காற்றையே. ஆதலால் அவ்வச்சம் அதற்கில்லை. திணிக்கத் திணிக்க அது மகிழும். எருதின் குறையாயிருந்த அரைவயிற்று உணவை டேர்போ தீர்த்துவைத்தது.

இதனைக் காரில் நிறுவிக்காட்டியது மேர்சிடிஸ் நிறுவனத்தின் சி111 என்னும் சோதனை வண்டி. இறகுபோல் மேலெழும் கதவுகளும் தாழ்ந்த உடலும் உடைய அக்கூபே முதலிற் புதுவகைப் பெற்றோல் எஞ்சினுக்காகப் படைக்கப்பட்டது. 1973 இல் எண்ணெய் விலை ஏறிய நெருக்கடிக்குப் பின்னர், அதில் 3 லீற்றர் ஐந்துருளை டீசல் எஞ்சினை டேர்போவுடன் பொருத்தினர். வாடகைக் கார்களில் ஓடிய எஞ்சினின் உடன்பிறப்பே அது. 1976 ஜூனில் இத்தாலியின் நார்தோ வட்டக்களத்தில் 190 குதிரைவலுவோடு 60 மணிநேரம் ஓய்வின்றி ஓடி, மணிக்குச் சராசரி 252 கிலோமீற்றர் கண்டது. 1978 இல் எஞ்சினை 230 குதிரைவலுவுக்கு உயர்த்தி, காற்றைக் கிழிக்கும் நீண்ட உடலும் கொடுத்தபோது, 12 மணிநேரச் சராசரியே 300 கிலோமீற்றரைத் தாண்டிற்று. லீற்றருக்கு 77 குதிரைவலு. எம்.ஜி.ஏ. வண்டியை டீசல் விஞ்சிவிட்டது.

ஆனால் களத்தில் ஓடுவது வேறு, கடையில் விற்பது வேறு. அதே 1978 இல் மேர்சிடிஸ் 300 சி.டி. என்னும் டீசல் கூபே வட அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வடிவில் கூபே, நடையில் பழைய எருதே. உற்பத்தியாகும் கார்களின் சராசரி எரிபொருட் செலவுக்கு அமெரிக்க அரசு எல்லை விதித்தமையாலே அது பிறந்தது. விரைவு வேட்கையாற் பிறந்ததன்று. சில ஆண்டுகளின் பின்னரே அதற்கு டேர்போ கிடைத்தது. 1982 இல் வொக்ஸ்வாகன் நிறுவனம் கொல்ப் ஜீ.டி.டி. வண்டியை 70 குதிரைவலுவோடு வெளியிட்டது. 1989 இல் அவுடி நிறுவனம், சிற்றறையை நீக்கி உருளைக்குள்ளேயே நேராக எண்ணெயைத் தூவும் 120 குதிரைவலு எஞ்சினைக் கொணர்ந்தது. டீ.டீ.ஐ. என்னும் மூன்றெழுத்து அதனோடு புகழடைந்தது.

ஐரோப்பாவில் டீசல் இவ்வாறு கால்முளைத்து ஓடத் தொடங்கிய அதே வேளையில், யாழ்ப்பாணத்தில் எல்லா எஞ்சின்களும் வேகமிழந்தன. 1990 ஜூனில் போர் மீண்டதும் யாழ்தேவி நின்றது. குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருதல் தடைப்பட்டது. மண்ணெண்ணெயே அரிதாய், விலையேறியதாய்க் கிடைத்தது. அந்நாளில் கைகொடுத்தவை புதிய யப்பானிய வண்டிகளல்ல. பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளே. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயை ஊட்டி ஓட்டினர். தோட்டத்துக் கிணறுகளில் துலாவின் இடத்தைப் பிடித்திருந்த நீரிறைக்கும் இயந்திரங்கள் அவ்வாறே பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியவை. ஆதலின் அவ்வித்தை இங்கே எவர்க்கும் புதிதன்று. பழைய வண்டிகளுக்கு இது பொருந்தியமைக்கு அறிவியற் காரணம் உண்டு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆயின் நெருக்கத்தின்கீழ்ப் பெற்றோலினும் முந்தித் தானே பற்றிக்கொள்ளும். கலவையை 9 மடங்கும் 10 மடங்கும் நெருக்கும் புதிய எஞ்சினில் அது முசலத்தை அடித்து நொறுக்கும். ஏ40 வண்டியோ ஏறத்தாழ 7 மடங்கே நெருக்குவது. பின்தங்கிய எஞ்சினென்று பிற நாட்டார் கழித்ததே இங்குப் பிழைத்தது. புகையும் நெடியும் தாங்கவொண்ணாதவை. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீராக்கியது. மேட்டில் வண்டி மூச்சுவாங்கிற்று. எனினும் பிள்ளைப்பேற்றுக்கு நின்றவளை வைத்தியசாலையிற் சேர்த்த வண்டிக்கு மணிக்கு எத்தனை மைல் என்று யார் கேட்டார்?

இதிலே ஒரு வேடிக்கை நோக்கற்பாலது. தானே பற்றிக்கொள்ளும் இயல்பு பெற்றோல் எஞ்சினுக்கு நோய்; டீசல் எஞ்சினுக்கு அதுவே உயிர். 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டப்பட்டது. எரிபொருளின் குணத்தை அறிந்து எஞ்சினை அதற்கேற்ப அமைத்தல் என்னும் ஒரே கலையை, ஐரோப்பியப் பொறியியலார் வேகத்தின்பொருட்டும் யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் பிழைப்பின்பொருட்டும் பயின்றனர். பின்னையோர்க்கு ஆய்வுகூடம் இருக்கவில்லை.

ஐரோப்பாவில் எஞ்சியிருந்த தடை கலப்பு வேளையின் குறுமையே. 1997 இல் அல்பா றோமியோ 156 என்னும் வண்டியில் அதற்குத் தீர்வு வந்தது. எல்லா உருளைக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் எண்ணெயை வளிமண்டல அமுக்கத்தின் ஆயிரம் மடங்குக்கும் மேலாக அடைத்துவைத்து, மின்னால் திறந்து மூடும் நொசில்களாலே வேண்டியபோது வேண்டியவாறு தூவுதல் அம்முறை. துளி பனித்துகளினும் நுண்ணிதாயிற்று. முதலிற் சிறிது, பின்னர் மிகுதி என ஒரே ஏற்றத்தில் பன்முறை தூவ முடிந்தமையால் கடகட ஓசையும் அடங்கிற்று. அடுத்த ஆண்டில், 1998 இல், ஜேர்மனியின் நூர்பேர்க் மலைக்களத்தில் நடந்த 24 மணிநேர ஓட்டத்தில் பி.எம்.டபிள்யூ. 320 டி என்னும் டீசல் வண்டி பெற்றோல் வண்டிகள் யாவற்றையும் வென்றது. அத்தகைய ஓட்டமொன்றில் டீசல் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை.

அதன்பின் கூபே வந்தது. 2007 இல் பி.எம்.டபிள்யூ. 123 டி கூபே: எஞ்சின் 1,995 கன சென்ரிமீற்றர், சிறிதும் பெரிதுமாய் இரண்டு டேர்போக்கள், 204 குதிரைவலு. லீற்றருக்கு நூற்றைத் தாண்டிய முதல் டீசல் கார் எஞ்சின் எனப் பெயர் பெற்றது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை 7 செக்கனில் எட்டுவது. சிறிய டேர்போ மெல்ல ஓடும்போதே விழித்துக்கொள்ளும். பெரியது விரைவில் வந்து சேரும். 2008 இல் அவுடி டி.டி. கூபேக்கு 170 குதிரைவலு டீசல் எஞ்சின் கொடுக்கப்பட்டது. நிமிடத்துக்கு 1,750 சுற்றிலேயே அதன் முறுக்குவிசை உச்சத்தை அடைந்துவிடும்; 100 கிலோமீற்றரை எட்ட 7.5 செக்கன், உச்ச வேகம் 226 கிலோமீற்றர், நூறு கிலோமீற்றருக்குச் செலவு 5.3 லீற்றர். இதே கூபேயின் 200 குதிரைவலுப் பெற்றோல் வடிவம் சற்றே முந்தும். ஆனால் அதனை முந்தவைக்க எஞ்சினை உயர்ந்த சுற்றில் அலறவிடல் வேண்டும். டீசல் வண்டியில் காலை மெல்ல வைத்தாற் போதும், முதுகில் ஒரு தள்ளு விழும். வலிமை என்பது முறுக்குவிசையும் சுற்றும் பெருக்கிவரும் எண். பெற்றோல் எஞ்சின் சுற்றாலும் டீசல் எஞ்சின் முறுக்காலும் அவ்வெண்ணை அடைகின்றன. இதனை ஓட்டுபவர் உணரும் வகையில் இரண்டும் வேறு வேறு விலங்குகளே. எருது குதிரையாகவில்லை, எருதாகவே ஓடக் கற்றது என்பதே பொருத்தம்.

2006 ஆம் ஆண்டு அதன் பொற்காலம். அவ்வாண்டு ஜூனில் பிரான்சின் லு மான் 24 மணிநேர ஓட்டத்தை அவுடி ஆர்10 வண்டி 650 குதிரைவலு டீசல் எஞ்சினோடு வென்றது. அங்கு டீசல் வென்றது அதுவே முதன்முறை. அதன் அமைதியைக் கண்டு பார்வையாளர் மயங்கினர். ஆகஸ்டு 23 ஆந் திகதி அமெரிக்காவின் பொன்வில் உப்புவெளியில் அன்டி கிறீன் செலுத்திய ஜே.சி.பி. டீசல்மக்ஸ் மணிக்கு 350.092 மைல் ஓடிற்று. மதிலிடிக்கவும் மலக்குழி தோண்டவும் இன்று குடாநாட்டின் ஒழுங்கைகளுள் நுழையும் அதே ‘ஜேசிபி’ தான். தோண்டும் இயந்திரத்தின் நான்குருளை எஞ்சினைச் சிறிது பெருப்பித்து, ஒவ்வொன்றும் 750 குதிரைவலு தருமாறு இரண்டைப் பூட்டினர், லீற்றருக்கு 150. அவ்வண்டியின் முதற்பல்லும் மிக உயர்ந்ததாதலின் நின்ற இடத்திலிருந்து அதனாற் புறப்பட இயலாது. பின்னாலிருந்து ஓர் உழவு இயந்திரம் தள்ளிவிட்டது!

இனி மறைந்திருந்த கணக்கு. மிகுந்த காற்றை மிகுந்த அமுக்கத்தில் மிகுந்த சூட்டோடு எரித்தால் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனோடு கூடும். அவ்வாறு பிறக்கும் நைதரசன் ஒட்சைட்டுகள் மூச்சுக்குழலை அரிப்பவை. சூட்டைத் தணித்தால் கரித்தூள் கூடும்; வலிமை குறையும். கரித்தூளைத் தடுத்தால் எண்ணெய்ச் செலவு ஏறும். விரைவு, சிக்கனம், தூய்மை ஆகிய மூன்றையும் மலிவான விலையில் ஒருங்கே பெறுதல் அரிது. அரிதென்று ஒப்புக்கொள்ளாது வொக்ஸ்வாகன் நிறுவனம் வேறொரு வழி கண்டது. வண்டி சோதனைச்சாலையில் உருளைகளின்மேல் ஓடுகின்றதா, வீதியில் ஓடுகின்றதா என்பதை அறியும் கணினிக் கட்டளையை எஞ்சினுக்குள் வைத்தது. சோதனையில் மட்டும் எஞ்சின் தூய்மை காத்தது. வித்தியாதரிசி வரும் நாளில் மட்டும் சுவர்க்கு வெள்ளையடித்துப் பிள்ளைகளுக்கு விடை சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தை ஒத்தது அது. மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் வண்டிகளை உண்மையான வீதியில் ஓட்டி அளந்தபோது வெளியேறிய நஞ்சு அனுமதித்த அளவின் பன்மடங்காயிருந்தது. 2015 செப்டெம்பர் 18 இல் அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் குற்றத்தை வெளியிட்டது. சில நாள்களில் நிறுவனத் தலைவர் பதவி விலகினார். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அக்கட்டளை இருந்தமை தெரியவந்தது. அவ்வெஞ்சின் வரிசையின் பெயர் இ.ஏ.189. அவுடி டி.டி. கூபேயும் அவ்வரிசையின் எஞ்சினைச் சுமந்தது.

ஆகவே டி.டி. கூபேயின் 7.5 செக்கன், 226 கிலோமீற்றர், 5.3 லீற்றர் என்ற எண்களை எவ்வாறு மதிப்பது? வேகம் பொய்யன்று, அது மணிக்கூட்டால் அளக்கப்பட்டது. சுழலியும் நொசிலும் அலுமினிய உடலும் பொய்யல்ல. பொய்யானது, அவ்வேகத்துக்கு விலையே இல்லை என்ற கூற்று. சி111 வண்டியை ஆக்கியோர் தம் வேகத்தை வெட்டவெளியிற் பலர் காணக் காட்டினர், புகையை மறைத்தாரல்லர். பின்வந்தோர் கலையில் அவர்களினும் வல்லவர். கணக்கில் அவர்களினும் தாழ்ந்தவர். கவர்ச்சியான பெயர்களைச் சூட்டி விளம்பரம் செய்வதற்கு ருடோல்ப் டீசல் தந்த சோதனை அறிக்கையே மேலான முன்மாதிரி. அவர் தம் எஞ்சினைத் தாமே அளவாது, பிறரை அழைத்து அளக்கச் செய்தார்.

அதன்பின் டீசல் கூபேக்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. அவுடி நிறுவனம் 2016 ஆம் ஆண்டோடு லு மான் களத்தை விட்டு விலகியது, டி.டி. வண்டியின் உற்பத்தியே 2023 நவம்பரில் நின்றது. லொறியிலும் உழவு இயந்திரத்திலும் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யாழ்தேவியிலும் டீசல் தன் பழைய வேலையைத் தொடர்ந்தது. 2020களில் ஜே.சி.பி. நிறுவனம் தன் டீசல் எஞ்சினின் உடலை எடுத்து, ஐதரசன் வாயுவில் ஓடும் எஞ்சினொன்றை ஆக்கிற்று. ஐதரசன் நெருக்கத்தாலே எளிதிற் பற்றாது. ஆதலின் அதற்குப் பொறி தட்டும் ‘பிளக்’ வைத்தனர். 1961 இல் பொறி தட்டும் கேம்பிரிட்ஜ் எஞ்சின் டீசலாக மாற்றப்பட்டது. இப்போது டீசல் எஞ்சின் பொறி தட்டுவதாக மாற்றப்பட்டது.